மறைந்த தோல்விகள்: இணைய உலாவியின் ஒத்திசையாக் கோரிக்கைகளும் வழுநீக்கக் கருவிகளும் (1999–2024)

ஆய்வுச் சுருக்கம்

பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல், பின்னணியில் வழங்கியோடு தரவு பரிமாறும் ஒத்திசையாக் கோரிக்கை முறை 1999இல் இணைய உலாவிக்குள் நுழைந்தது. இதன் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. அது, தோல்வியைப் பயனரின் கண்ணிலிருந்து அகற்றிய வரலாறாகவும் அமைவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மறைந்த தோல்வியைக் காண நிரலர்கள் உருவாக்கிய கருவிகள் எவற்றைக் காட்டின, யாருக்குக் காட்டின என்னும் வினாக்களை முன்வைத்து அக்கருவிகளின் வளர்ச்சி ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணைய உலாவி, ஒத்திசையாக் கோரிக்கை, வழுநீக்கம், அஜாக்ஸ், ஃபயர்பக், பிராமிஸ்

முன்னுரை

டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயக்கிக்காட்டிய வலை, கேட்டல், பெறுதல் என்னும் எளிய ஒழுங்கின்மேல் அமைந்தது. பயனர் ஓர் இணைப்பை அழுத்துவார்; உலாவி கோரிக்கை அனுப்பும்; வழங்கி ஓர் ஆவணத்தை மறுமொழியாகத் தரும்; பழைய பக்கம் அகன்று புதிய பக்கம் அவ்விடத்தில் அமரும். இவ்வொழுங்கில் தோல்விக்கும் ஓர் இடம் இருந்தது. கேட்ட ஆவணம் இல்லையெனில் 404 என்னும் எண்ணைத் தாங்கிய பக்கம் திரையை நிறைத்து நிற்கும். வழங்கியில் பழுது நேர்ந்தால் 500 என்னும் எண் வரும். இணைப்பே கிட்டாதபோது உலாவி தானே அதனை அறிவிக்கும். கணினியியல் அறியாத ஒருவரும் ‘பக்கம் வரவில்லை’ என்று சொல்ல முடிந்தது. பழுதை முதலில் காண்பவர் பயனராகவும், அவர் சொல்லக் கேட்டுச் சரிசெய்பவர் நிரலராகவும் இருந்தனர்.

ஒத்திசையாக் கோரிக்கை இந்த உறவை மாற்றியது. கேட்ட நிரல் விடைக்காகக் காத்து நிற்பதில்லை. விடை வரும்போது இயங்க வேண்டிய பகுதியை முன்கூட்டியே குறித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது. பக்கம் அசையாமல் இருக்க, அதன் பின்னே கோரிக்கைகள் போய்வருகின்றன. ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றைத் தட்டெழுதிச் சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார் எனக் கொள்வோம். கோரிக்கை வழியில் அறுந்துவிட்டால், அதனைச் சொல்லும்படி நிரலர் எழுதிவைத்திருந்தால் ஒழிய, திரையில் யாதொரு மாற்றமும் நிகழாது. கடிதம் கண்ணெதிரே இருக்கிறது, வழங்கியில் இல்லை. பயனர் உலாவியை மூடும்வரை இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

பெயரும் பிறப்பும்

இம்முறை 2005இல் பிறந்தது எனக் கருதுவோர் உளர். ஜெசி ஜேம்ஸ் கேரட் அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வெளியிட்ட கட்டுரையில் ‘அஜாக்ஸ்’ என்னும் பெயரைச் சூட்டியதே இக்கருத்துக்குக் காரணம். அவர் சூட்டியது பெயர் மட்டுமே. பொருள் அதற்கு ஆறாண்டுகள் முற்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் வெப் ஆக்சஸ் என்னும் அஞ்சல் செயலிக்காக அலெக்ஸ் ஹாப்மன் உருவாக்கிய எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்னும் கூறு, 1999 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியோடு சேர்ந்து வெளியானது. உலாவி வெளியீட்டை நெருங்கிக்கொண்டிருந்ததால் புதிய கூறு ஒன்றைத் தனியே சேர்க்க வாய்ப்பில்லை. எக்ஸ்எம்எல் நூலகத்துக்குள் வைத்து அனுப்புவதே எளிய வழியாக இருந்தது. பெயரில் எக்ஸ்எம்எல் இடம்பெற்றது அதனாலேயே என்றும், அம்மொழிக்கும் இக்கூறுக்கும் வேறு நெருங்கிய தொடர்பில்லை என்றும் ஹாப்மன் பின்னாளில் பதிவுசெய்துள்ளார்.

மொசில்லா குழுவினர் இதனையே எக்ஸ்எம்எல்எச்டிடிபி-ரிக்வெஸ்ட் என்னும் பெயரில் தம் உலாவியில் அமைத்தனர். 2004இல் சஃபாரி 1.2, 2005இல் ஓபரா 8, 2006இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 என ஒவ்வோர் உலாவியும் அப்பெயரை ஏற்றது. டபிள்யூ3சி அமைப்பு இதற்கான முதல் வரைவை வெளியிட்டது 2006 ஏப்ரலில்தான். அதாவது ஏழாண்டுகள் இக்கூறு எழுதப்பட்ட பொதுவிதி எதுவுமின்றி, ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்த படிகளாகவே வாழ்ந்தது. இப்பெயரின் ஒவ்வொரு பகுதியும் தவறான பொருள்தரக்கூடியது என்று தரநிலை ஆவணமே ஒப்புக்கொள்கிறது: எக்ஸ்எம்எல் அல்லாத தரவையும் இது கொண்டுவரும், எச்டிடிபி அல்லாத நெறிமுறைகளோடும் இயங்கக்கூடும், கோரிக்கையோடு மறுமொழியையும் இதுவே கையாளும். ஆயினும் பெயர் மாற்றப்படவில்லை.

தமிழ் இலக்கண மரபில் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்று நிலைகள் பேசப்படுகின்றன. கணினித் தமிழில் ‘வழு’ என்னும் சொல் இன்று நிரற்பிழையைக் குறிக்க வழங்குகிறது. ‘வழுவமைதி’ என்பதற்கு அத்தகைய வாழ்வு கிட்டவில்லை. தவறென்று அறிந்தும் வழக்கு கருதி ஏற்கப்படுவதைக் குறிக்கும் அச்சொல், உலாவிகளின் வரலாற்றுக்கு மிகவும் பொருந்துவதாகும். இப்பெயர் நிலைத்ததே அதற்கு முதற்சான்று.

அறிவிப்புப் பெட்டியின் காலம்

பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, தொடக்கத்தில் சிறு வேலைகளுக்கானது. அதில் பிழை நேர்ந்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கீழ்ப்பட்டையில் ஒரு மஞ்சள் முக்கோணம் தோன்றும். அதனைச் சொடுக்கினால் கிடைக்கும் வரி எண் பல வேளைகளில் உண்மையான இடத்தைச் சுட்டாது. ராபர்ட் ஜிண்டா மொசில்லாவுக்காக 2001இல் உருவாக்கிய வெங்க்மன் என்னும் வழுநீக்கி, நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்க உதவியது. ஆனால் பெரும்பான்மை நிரலர்களின் கையிலிருந்த கருவி ‘அலர்ட்’ எனப்படும் அறிவிப்புப் பெட்டியே. நிரலின் இடையில் ஓர் அலர்ட்டைச் செருகி, அதில் தோன்றும் மதிப்பைக் கண்டு பிழையை ஊகிப்பது அன்றைய வழக்கம்.

ஒத்திசையாக் கோரிக்கையின் முன் இவ்வழக்கம் தோற்றது. அனுப்பிய கையோடு விடையைப் படிக்க முயலும் நிரல் வெறுமையையே பெறும். விடை இன்னும் வந்திருக்காது. காரணம் அறிய அவ்விரு வரிகளுக்கிடையே ஓர் அலர்ட் செருகப்படும். பெட்டியைப் படித்து மூடச் சில நொடிகள் ஆகும். அதற்குள் பல உலாவிகளில் விடை வந்து சேர்ந்துவிடும். நிரல் பழுதின்றி இயங்கும். அலர்ட்டை நீக்கினால் பழுது மீண்டும் தலைகாட்டும். பார்ப்பதற்காகச் செருகியதே பார்க்க வேண்டியதை மாற்றிவிட்டது. ஆராயும்போது மறையும் இத்தகைய வழுவை ‘ஹைசன்பக்’ என்று சுட்டும் வழக்கம் ஜிம் கிரே 1985இல் எழுதிய ஆய்வறிக்கையிலேயே காணப்படுகிறது. அவர் பேசியது பெருங்கணினி அமைப்புகளின் பழுதுகளைப் பற்றி. இருபது ஆண்டுகளுக்குப் பின் அது வீட்டுக் கணினியின் உலாவிக்குள் குடியேறியது.

நிரலரின் பிழை ஒருபுறமிருக்க, உலாவிகள் விளைத்த குழப்பங்களும் பல. இன்டர்நெட் எக்ஸ்புளோரர், ஒருமுறை பெற்ற விடையை இடைச்சேமிப்பில் வைத்துக்கொண்டு, அதே முகவரிக்கான அடுத்த கோரிக்கைக்கு வழங்கியைக் கேளாமலேயே பழைய விடையைத் தருவதுண்டு. நிரலுக்கு எல்லாம் வெற்றியாகவே தெரியும். பயனர் காண்பது நேற்றைய தரவு. முகவரியின் இறுதியில் அந்நேரத்தைக் குறிக்கும் எண்ணை ஒட்டி, ஒவ்வொரு முகவரியும் புதியதுபோலக் காட்டுவதே கண்டறியப்பட்ட மாற்றுவழி. ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேக்குவரி நூலகம் பின்னர் இதனைத் தன் வசதிகளுள் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டது.

இதனினும் விந்தையான ஒன்றுண்டு. கோரிக்கை நிறைவேறியது, அனுப்பத் தரவு ஒன்றுமில்லை என்பதை எச்டிடிபி நெறிமுறை 204 என்னும் எண்ணால் தெரிவிக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதனைச் சிலபோது 1223 என மாற்றி நிரலிடம் தந்தது. எச்டிடிபியில் அப்படியோர் எண் இல்லை. விண்டோஸ் இயங்குதளத்தின் உட்குறியீடுகளில், ‘பயனர் செயலை நீக்கிவிட்டார்’ என்பதே 1223இன் பொருள். வெற்றிச் செய்தி, பயனர்மேல் பழிபோடும் செய்தியாக மாறி வந்தது. ஜேக்குவரி உள்ளிட்ட நூலகங்கள் 1223ஐக் கண்டால் 204 எனக் கொள்க என்று தம் நிரலுள் ஒரு வரி எழுதிவைத்தன. அவ்வரி ஒரு வழுவமைதி விதியேயன்றி வேறன்று.

காட்சிக்கு மாற்று

2004 ஏப்ரல் 1ஆம் நாள் வெளிவந்த ஜிமெயிலும், 2005 பிப்ரவரியில் வெளிவந்த கூகுள் மேப்ஸும் இம்முறையைப் பெருந்திரளான பயனர்களிடம் கொண்டுசேர்த்தன. ஜிமெயில் தன் பக்கத்தின் மேற்பகுதியில் ஏற்றப்படுவதை அறிவிக்கும் ஒரு சிறு சிவப்புப் பட்டையைக் காட்டியது. உலாவி முன்பு தானே செய்த வேலையை இப்போது ஒவ்வொரு செயலியும் தனித்தனியே செய்ய வேண்டியதாயிற்று. செய்தவர் செய்தனர், செய்யாதவர் பலர்.

பயனர் காணாத கோரிக்கை என்ன செய்யவல்லது என்பதை 2005 அக்டோபர் காட்டியது. சாமி கம்கார் என்பவர் மைஸ்பேஸ் தளத்தில் தம் சுயவிவரப் பக்கத்துக்குள் எழுதிவைத்த நிரல், அப்பக்கத்தைப் பார்த்தவரின் உலாவியிலிருந்து எக்ஸ்எம்எல்எச்டிடிபி-ரிக்வெஸ்ட் வழியே கோரிக்கைகளை அனுப்பி, அவரைத் தம் நண்பர் பட்டியலில் சேர்த்ததோடு, அதே நிரலை அவர் பக்கத்திலும் பதித்தது. ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் பாதிக்கப்பட்டன. பார்த்தவர்களின் திரையில் பக்கம் மாறவில்லை. ஏதும் அழுத்தும்படி அவர்களிடம் கேட்கப்படவுமில்லை. வழுநீக்கத்தின் வரலாற்றில் இந்நிகழ்வு பொதுவாகப் பேசப்படுவதில்லை, பாதுகாப்பியலுக்குரியதாக ஒதுக்கப்படுகிறது. இரண்டிடத்தும் சிக்கல் ஒன்றே: உலாவி தன் உரிமையாளர் பெயரால் செய்வதை உரிமையாளர் காண்பதில்லை.

ஃபயர்பக்

பின்னணிக் கோரிக்கையைக் காண அக்காலத்தில் உலாவிக்கு வெளியேதான் செல்ல வேண்டியிருந்தது. எரிக் லாரன்ஸ் 2003இல் உருவாக்கிய ஃபிட்லர், உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே இடைத்தரகராக அமர்ந்து போக்குவரத்தைப் பதிவுசெய்தது. எது சென்றது, எது வந்தது என்பதை அது துல்லியமாகக் காட்டியது. ஆனால் நிரலின் எந்த வரி அதனை அனுப்பியது என்பது அதற்குத் தெரியாது. உலாவிக்குள்ளிருந்த வெங்க்மனுக்கோ வரிகள் தெரியும், போக்குவரத்து தெரியாது. இவ்விரு அறிவும் ஓரிடத்தில் கூடாமை அன்றைய வழுநீக்கத்தின் பெருங்குறை.

ஜோ ஹெவிட் 2006இல் வெளியிட்ட ஃபயர்பக் இக்குறையைப் போக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கீழ்ப்பகுதியில், பார்க்கும் பக்கத்தோடு ஒட்டியே விரியும் பலகமாக அது அமைந்தது. பக்கத்தின் நிரல் அனுப்பும் ஒத்திசையாக் கோரிக்கைகளைத் தோன்றியவுடனே பட்டியலிட்டுக் காட்டும் திறன் அதன் தொடக்கப் பதிப்புகளிலேயே இருந்தது. ஒரு கோரிக்கையைச் சொடுக்கினால் அனுப்பிய தலைப்புகள், உடன்சென்ற தரவு, வந்த மறுமொழி ஆகிய மூன்றும் விரியும். கன்சோல்.லாக் என்னும் கட்டளை அலர்ட்டின் இடத்தைப் பிடித்தது. அது நிரலை நிறுத்தாமல் குறிப்பை மட்டும் எழுதிச் செல்வது. ஆகவே காலவரிசையைப் பெரிதும் குலைப்பதில்லை. இன்று எல்லா உலாவிகளிலும் வழங்கும் அக்கட்டளை ஃபயர்பக்கின் கொடையாகும்.

1.0 பதிப்பில் இடம்பெற்ற ‘நெட்’ பலகத்தின் படிக்கட்டு வரைபடம் தனியே குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு கோரிக்கையும் எந்நொடியில் தொடங்கி எந்நொடியில் முடிந்தது என்பதை அது கிடைக்கோடுகளாக வரைந்துகாட்டியது. 1999இல் வெளிவந்த எச்டிடிபி 1.1 விதி, ஒரு வழங்கியோடு ஓர் உலாவி ஒரே வேளையில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது எனப் பரிந்துரைத்திருந்தது. உலாவிகள் அதனைப் பின்பற்றியமையால் மூன்றாவது கோரிக்கை உலாவிக்குள்ளேயே வரிசையில் நிற்கும். வழங்கி மெதுவாக இருப்பதாகக் குறைகூறிவந்த நிரலர்கள், கோரிக்கை இன்னும் உலாவியை விட்டே புறப்படவில்லை என்பதை அப்படத்தில் கண்டனர். பின்னர் உலாவிகள் இவ்வரம்பை ஆறளவுக்கு உயர்த்தின.

சஃபாரியின் வெப் இன்ஸ்பெக்டர் 2006இலும், வழுநீக்கக் கருவிகளை உள்ளடக்கிய குரோம் உலாவி 2008 செப்டம்பரிலும் வெளிவந்தன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 பதிப்பு 2009இல் இவ்வழியில் வந்தபோது, பழைய ஹைசன்பக் புதுவடிவில் திரும்பியது. 8, 9 ஆகிய பதிப்புகளில் கன்சோல் என்னும் பொருள், நிரலர் கருவிப்பலகத்தைத் திறந்த பின்னரே உயிர்பெறும். நிரலில் மறந்து விடப்பட்ட ஒரு கன்சோல்.லாக் வரி, பலகம் மூடியிருந்தால் பிழையாகி நிரலையே நிறுத்திவிடும். பயனரிடம் ஓயாத பழுது. நிரலர் பலகத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் செம்மை. பயனரும் நிரலரும் ஒரே பக்கத்தை இருவேறு பக்கங்களாகக் கண்ட இந்நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

வரிசையும் வழித்தடமும்

போக்குவரத்தைக் கண்டபின் எஞ்சியவை இரண்டு: வரிசை, வழித்தடம். தட்டெழுதும்போதே சொற்களைப் பரிந்துரைக்கும் கூகுள் சஜஸ்ட் 2004 டிசம்பரில் வெளிவந்தது. இவ்வகைச் செயலியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோரிக்கை செல்லும். ‘க’ என்பதற்கான விடை தாமதமாகி, ‘கல்’ என்பதற்கான விடைக்குப் பின் வந்து சேர்ந்தால், பிந்தி வந்ததே திரையில் நிற்கும். இரு கோரிக்கைகளும் வெற்றி. காட்சி மட்டும் தவறு. எந்தப் பலகமும் இதனைச் சிவப்பில் காட்டாது, ஏனெனில் பிழை என்று சுட்டத்தக்க எதுவும் அங்கு நிகழவில்லை. இதற்குக் கருவி கண்ணாகாது. நிரலர்தான் கோரிக்கைகளுக்கு வரிசை எண் இட்டோ, பழையதை நீக்கியோ காத்துக்கொள்ள வேண்டும்.

வழித்தடச் சிக்கல் வேறுவகையானது. நிரலில் பிழை நேரும்போது, எந்தச் செயற்கூறு எதனை அழைத்தது என்னும் அழைப்பு அடுக்கை வழுநீக்கி காட்டும். ஒத்திசையாக் கோரிக்கையின் விடையைப் பெறும் மீளழைப்புச் செயற்கூறு இயங்கும்போதோ, அக்கோரிக்கையை அனுப்பிய செயற்கூறு முடிந்து மறைந்திருக்கும். அடுக்கு அடியற்று நிற்கும். பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரிராவும் 1988இல் பரவல் கணினி அமைப்புகளுக்காக முன்மொழிந்த ‘பிராமிஸ்’ என்னும் கருத்து, 2015இல் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் இடம்பெற்றது. அது மீளழைப்புகளைக் கோவைப்படுத்தி நிரலைப் படிக்க எளிதாக்கியது உண்மை. ஆயினும் கையாளப்படாத பிராமிஸ் தோல்விகள் தொடக்கத்தில் ஓசையின்றி விழுங்கப்பட்டன. அத்தகைய தோல்வியை நிரலுக்கு அறிவிக்கும் நிகழ்வைக் குரோம் 2016இல்தான் சேர்த்தது.

எக்ஸ்எம்எல்எச்டிடிபி-ரிக்வெஸ்ட்டுக்கு மாற்றாக 2015இல் வந்த ‘ஃபெட்ச்’ இன்னொரு மறைவைக் கொணர்ந்தது. வழங்கி 404 என்றோ 500 என்றோ விடைதந்தாலும் ஃபெட்ச் தன் பிராமிஸை நிறைவேறியதாகவே கொள்ளும். விடை என ஒன்று வந்துவிட்டதே என்பது அதன் தருக்கம். நெறிமுறை நோக்கில் இதனை மறுப்பதற்கில்லை. ஆனால், பிழையெண் வந்தால் பிழைக்கான பகுதி இயங்கும் என்று ஜேக்குவரியில் பழகியவர்கள், தம் நிரலை ஃபெட்ச்சுக்கு மாற்றியபோது, தோல்விகளை வெற்றிகளாகவே கையாண்டனர். முழுப்பக்கக் காலத்தில் திரையை நிறைத்த அதே 404, இப்போது நிரலராலும் வலிந்து கேட்டாலன்றித் தெரியாததாயிற்று.

வழித்தடத்தை மீட்கும் முயற்சி 2014இல் குரோமின் வழுநீக்கியில் தொடங்கியது. கோரிக்கை புறப்பட்ட இடத்து அடுக்கை நினைவில் வைத்து, விடை வந்த இடத்து அடுக்கின் கீழே அது ஒட்டிக்காட்டியது. நினைவகமும் நேரமும் மிகுதியாகச் செலவானமையால் அது வழுநீக்கத்தின்போது மட்டுமே பயன்பட்டது. 2019இல் வி8 இயந்திரத்தின் 7.3 பதிப்பு, ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்னும் சொற்களால் எழுதப்பட்ட நிரல்களுக்குக் கூடுதல் செலவின்றியே இவ்வடுக்கைத் தரத் தொடங்கியது.

சில தோல்விகள் வேண்டுமென்றே மறைக்கப்படுகின்றன. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் வழங்கியைக் கேட்கும்போது, அவ்வழங்கி இசைவு தராவிடில் உலாவி விடையைத் தடுத்துவிடும். தடுத்த காரணத்தை நிரலிடம் சொல்லாது. சொன்னால் தீய நிரல் அதனைக்கொண்டு பிற வழங்கிகளை வேவுபார்க்கக்கூடும். கன்சோலில் மட்டும் காரணம் எழுதப்படும். அதாவது ஒரே உலாவி, திரைக்கு முன் அமர்ந்திருக்கும் மனிதரை நம்புகிறது. தனக்குள் இயங்கும் நிரலை நம்புவதில்லை. அம்மனிதர் கன்சோலைத் திறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள தடை.

பதிவுக்கோப்பு

தம் கணினியில் தோன்றாத பழுதை நிரலர் எவ்வாறு காண்பது? ஃபயர்பக்கின் ‘நெட்’ பலகத்தை வளர்த்தெடுத்த ஜான் ஓட்வார்க்கோ முதலியோரின் முயற்சியால் ‘ஹார்’ என்னும் கோப்பு வடிவம் உருவானது. பயனர் தம் உலாவியில் நிகழ்ந்த கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே கோப்பாகச் சேமித்து உதவிமையத்துக்கு அனுப்பலாம். முழுப்பக்கக் காலத்தில் ‘பக்கம் வரவில்லை’ என்று வாயால் சொன்ன பயனர், இப்போது தாமே படிக்க இயலாத கோப்பின் வழியே பேசலானார். ஃபயர்பக் 2017இல் நிறுத்தப்பட்டது. அதன் பலகங்கள் ஃபயர்ஃபாக்ஸின் சொந்தக் கருவிகளோடு கலந்துவிட்டன. ஹார் வடிவம் நிலைத்தது.

அக்கோப்பில் எல்லாம் இருக்கும். பயனர் உள்நுழைந்தவர் என்பதற்குச் சான்றாகும் குக்கிகளும் அமர்வுச் சீட்டுகளும் அவற்றுள் அடங்கும். 2023 அக்டோபரில் ஆக்டா என்னும் அடையாளச் சேவை நிறுவனம், தன் வாடிக்கையாளர் உதவிமையத்துக்குள் அயலார் புகுந்ததை அறிவித்தது. வாடிக்கையாளர்கள் பழுது காணும்பொருட்டு அனுப்பியிருந்த ஹார் கோப்புகளும் அங்கிருந்தன. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் அணுகப்பட்டன என்றும், அவற்றிலிருந்த சீட்டுகளைக்கொண்டு ஐந்து வாடிக்கையாளர்களின் அமர்வுகள் கைப்பற்றப்பட்டன என்றும் அந்நிறுவனம் பின்னர்த் தெரிவித்தது. அம்மாதத்திலேயே கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஹார் கோப்பிலிருந்து இத்தகைய சீட்டுகளை நீக்கித்தரும் கருவி ஒன்றை வெளியிட்டது. 2024இல் வெளிவந்த குரோம் 130, ஹார் கோப்பைச் சேமிக்கும்போது குக்கித் தலைப்புகளையும் அனுமதித் தலைப்பையும் இயல்பாகவே விலக்கிவிடுகிறது. முழுக்கோப்பு வேண்டுவோர் அமைப்புகளுக்குள் சென்று அதற்கான தெரிவைத் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும்.